ஈசானிய மூலையில் ஒரு முட்டு

“அக்கா, ஒரு அர மணி நேரம் வெளிய இருக்கியா?”

தம்பி இளஞ்செழியன் இப்படிக் கேட்டபோது, அந்தக் கேள்வியின் பொருள் உண்ணாமலைக்கு எட்டவில்லை. அவள் தலையில் மஞ்சள் தொப்பி, கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம், கண் முழுவதும் மேலே சங்கிலியில் தொங்கிய வேங்கை மர உத்திரத்தின் மீது. கீழ்பென்னாத்தூரில் இடித்த பழைய நெல் மண்டி ஒன்றிலிருந்து அவளே போய்த் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வாங்கி வந்த மரம் அது.

“ஏன்டா, தெருவுல வண்டி எதுனா மாட்டிக்கிச்சா? நாளைக்குப் பௌர்ணமி கிரிவலம். இப்பவே தடுப்பு போட்டுட்டானுங்களா?”

“வண்டி இல்லக்கா.” குரலைத் தாழ்த்தினான். ஊர் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை. தாழ்த்தியும் மச்சில் நின்றவர்களுக்குக் கேட்டது. “உத்திரம் ஏத்தற நேரம். சுமங்கலிங்க மட்டும் உள்ள இருந்தா நல்லதுனு ஒரு பேச்சு. நான் நம்புவனா சொல்லு? நான் நம்பல. தேவி பயப்படறா. ரெண்டு தடவ கலைஞ்சி போச்சி அவளுக்கு. அவ மனசுக்காவ…”

உண்ணாமலை அவன் முகத்தையே பார்த்தாள். காதில் விழுந்தது மனத்தில் விழச் சற்று நேரம் பிடித்தது.

இவனா? இவன் வாயிலிருந்தா?

கணவன் வேணு மாரடைப்பில் போன அன்று, கூடியிருந்த உறவுக் கிழங்கள் அவள் பொட்டை அழிக்கக் கை நீட்டியபோது, அத்தனை கைகளையும் தட்டிவிட்டவன் இவன். “எங்க அக்கா நெத்தியத் தொட்டா கைய ஒடிப்பேன்!” என்று பிணம் கிடந்த வீட்டில் முழங்கியவன். கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணம் செய்து வைக்கும் மேடைகளில் மாலை எடுத்துக் கொடுத்தவன். அவள் நெற்றியில் இன்றும் இருக்கும் குங்குமம் அவன் காத்த குங்குமம். அந்த நாக்குத்தான் இப்போது, எவ்வளவு மென்மையாக, எவ்வளவு பண்பாக, அவளை வாசலுக்கு வெளியே போகச் சொல்கிறது!

அவர்கள் தந்தை முருகையன், மகள் பிறந்த ஆண்டில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்; ஆகவே அவள் உண்ணாமலை. மகன் பிறப்பதற்குள் பகுத்தறிவு மேடைகளைச் சுற்றத் தொடங்கிவிட்டார்; ஆகவே அவன் இளஞ்செழியன். அந்த முருகையன் விட்டுப்போன வீடுதான் இது. தேரடிக்குப் பின்தெருவில், முற்றத்தைச் சுற்றி மரத்தாலேயே நின்ற வீடு. இந்த வீட்டில் சுவர் என்பது வெறும் திரை, தாங்குவதெல்லாம் மரம். தூண் உத்திரத்தைத் தாங்கும், உத்திரம் சட்டங்களைத் தாங்கும், சட்டங்கள் மச்சைத் தாங்கும். மச்சின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு யானைக் கனம். ஆணி கிடையாது. ஒன்றின் வாயில் ஒன்று கவ்வி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற குடும்பம் அது. அதில் வடபுறத்து உத்திரத்தைக் கரையான் உள்ளிருந்தே தின்றிருந்தது. வெளியே பார்த்தால் வர்ணம் மின்னியது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. அதைக் கழற்றிய பிறகு மச்சைத் தாங்கி நின்றவை அவள் கொடுத்த இரும்பு முட்டுக் கம்பங்கள்.

இடித்துவிட்டுக் காங்கிரீட் போடலாம் என்றனர் எல்லோரும். உண்ணாமலைதான் மறுத்தாள். கட்டட வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். செங்கம் சாலையில் வெளிநாட்டார் தங்கும் விடுதிகள் பலவற்றுக்குக் கடைக்கால் பார்த்தவள். “ஒரு உத்திரம் போச்சுன்னு ஒம்பது தூண வெட்டுவியா?” என்று தம்பியிடம் சண்டை பிடித்தாள். அவனும் இசைந்தான். இசைந்ததோடு நிற்கவில்லை. “முன்னாடி கூடம் அப்பா பேர்ல படிப்பகம். பின்கட்டு உனக்குக்கா. ஆசிரமத்துப் பக்கம் ஒண்டி ரூம்புல எத்தன நாளு கெடப்ப? இது உன் வூடு” என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் சாரமேறி இறங்கினாள், தூசி தின்றாள், தன் வீட்டைத் தன் கையாலேயே நிமிர்த்துகிறோம் என்ற இறுமாப்பில் தூக்கத்திலும் சிரித்தாள்.

அந்த வீட்டிலிருந்துதான் இப்போது வெளியே போகச் சொல்கிறார்கள்.

“சாமி கும்பிடறதே இல்லன்னியேடா” என்றாள்.

“ஐயரு இல்ல, மந்திரம் இல்ல. ஒரு கும்பம், ஒரு சூடம். ஆசாரிங்க திருப்திக்குக்கா. வேல நடக்கணும் இல்ல?”

மச்சின் விளிம்பில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த தலைமை ஆசாரி சின்னசாமி கீழே எட்டிப் பார்த்தார். “என் திருப்திய ஏன் சார் இழுக்கறீங்க? எனக்குச் சங்கிலி அறாம இருந்தா போதும்” என்றார். கூலியாட்கள் சிரித்தனர். இளஞ்செழியன் சிரிக்கவில்லை.

முற்றத்துக்கு அப்பால், இந்தப் பேச்சு எட்டாத பின்கட்டில், தம்பியின் மனைவி தேவிப்ரியா பட்டுப் புடவையில் குனிந்து மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்துகொண்டிருந்தாள். உத்திரத்தில் கட்டுவதற்கு. அந்த மெலிந்த முதுகைப் பார்த்தபோது உண்ணாமலையின் கோபம் கரைந்துபோயிற்று. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் அந்த முதுகைத் தடவிக் கொடுத்தவள் அவள்தான். அந்தப் பிள்ளை பயப்படுகிறாள் என்றால், பயப்படட்டும். பயத்தோடு வாதாட முடியுமா?

“போறேன்” என்றாள். “ஒண்ணு மட்டும் கேட்டுக்க. உத்திரம் தூண் தலையில உக்காந்து, ஆப்பு அடிச்சி, நான் வந்து பாக்கற வரிக்கும் எந்த முட்டுக் கம்பத்தயும் தொடக்கூடாது. அந்த மூல முட்டு இருக்குதே, மச்சு மொத்தமும் அது மேலதான் நிக்குது.”

“சரி சரி. போக்கா.”

சரி, சரி. சொல்லில் இருந்த அவசரம் அவளை முதுகில் கை வைத்துத் தள்ளியது.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. எதிரே சூடமும் நெய் விளக்கும் விற்கும் கடைக்காரி, “இன்னாம்மா, வூட்டுல விசேசம், நீ இங்க நிக்கற?” என்றாள்.

“போன் பேசணும். உள்ள டவர் கெடைக்கல.”

பொய் எத்தனை எளிதாக வந்தது! அவளுக்கே திடுக்கென்றது. குற்றம் செய்தவர் உள்ளே இருக்க, குற்றமற்றவள் தெருவில் நின்று, அவர்கள் மானத்தைத் தன் பொய்யால் மூடிக்கொண்டிருக்கிறாள். எத்தனை தலைமுறையாக எத்தனை பெண்கள் இப்படி வாசலுக்கு வெளியே நின்று, ‘தலைவலி’ என்றும், ‘அடுப்பில் வேலை’ என்றும் சொல்லிச் சிரித்திருப்பார்கள்? விலக்கியவன் வெட்கப்படுவதில்லை, விலக்கப்பட்டவள்தான் சாக்குத் தேடுகிறாள். அலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் யாருமில்லை.

அப்போதுதான் கூலியாள் ஒருவன் உள்ளிருந்து இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் சுமந்தபடி வந்து, வாசல் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். தலையில் திருகு, அடியில் தட்டு, நடுவில் அவளே சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோடு.

மூலை முட்டு.

உண்ணாமலை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “எங்கேந்துய்யா எடுத்த இத?”

“ஈசானிய மூலயில மேடம். கும்பம் அங்கதான் வெக்கணுமாம், எடம் அடைச்சிக்கினு இருக்குதுன்னு அந்தம்மா எடுக்கச் சொன்னாங்க.”

“யார் அந்தம்மா?”

“சாரோட மாமியாருங்க. சாரும் சரின்னுட்டாரு.”

வீடு என்னும் யானையின் ஒரு காலை, ஒரு செம்புக் குடம் வைக்க இடம் வேண்டுமென்று, உருவி எடுத்துத் தெருவில் சாய்த்துவிட்டார்கள்! திசையைப் பார்த்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், தலைக்கு மேலே தொங்குவதைப் பார்க்கவில்லை. மச்சின் விளிம்பில் நிற்கும் சின்னசாமிக்கு மச்சுக்கு அடியில், மூலையில் நடப்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவளோ தெருவில் நிற்கிறாள்.

அலைபேசி எங்கே விழுந்ததென்று அவள் பார்க்கவில்லை.

வாசற்படியில் தேவிப்ரியாவின் தாய் அருணாதேவி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். உண்ணாமலை பாய்ந்து வருவதைக் கண்டதும் ஒரு கையால் நிலையைப் பிடித்து வழியை அடைத்தாள். “இரும்மா! இரு! நல்ல நேரம் நடக்குது. இப்ப வராத, புண்ணியமாப் போவும் உனக்கு!”

“அத்த, நவுருங்க! மச்சு விழப்போவுது!”

“வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

அந்தத் தோளுக்கு மேலாக உண்ணாமலை உள்ளே பார்த்தாள். ஈசானிய மூலையில் கும்பம் இருந்தது, மாவிலை இருந்தது, மஞ்சள் பூசிய தேங்காய் இருந்தது. அதன் முன்னே தேவிப்ரியா மண்டியிட்டிருந்தாள். மேலிருந்து மெல்லிய சுண்ணாம்புத் தூள், மாவு சலிப்பது போல, அவள் கூந்தலில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அதுவும் பூசையின் ஒரு பகுதி போலவே இறங்கிற்று.

ஆரத்தித் தட்டு தரையில் உருண்டது. அருணாதேவியைத் தள்ளினாளோ, தாண்டினாளோ, பின்னால் அவளுக்கே நினைவில்லை. “எல்லாரும் முத்தத்துக்கு ஓடுங்க! சின்னசாமி, மச்சு போவுது! முத்தத்துல குதிங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் தம்பியின் மேடைக் குரலெல்லாம் தோற்றது. ஆட்கள் ஓடினர். இளஞ்செழியன், “அக்கா, என்னாக்கா இது!” என்று கோபமாகத் திரும்பினான். தேவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாளே தவிர எழவில்லை. உண்ணாமலை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்; பட்டு கிழிந்தது; இருவரும் முற்றத்துக் கல்லில் உருண்டனர்.

முதலில் ஒரு சத்தம் வந்தது. பெரிய எலும்பு முறிவது போல. பின்பு வானமே இறங்கிற்று.

புழுதி அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது கும்பம் இருந்த இடத்தில் செங்கல் மேடு இருந்தது. ஒருவரும் சாகவில்லை. சின்னசாமி முற்றத்தில் குதித்ததில் முழங்கை சிராய்ந்து ரத்தம் வடிந்தது. கூலியாட்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டனர். சரிந்தது மூலை மட்டுமே. புதிய உத்திரம் மேற்குப் பக்கம் சங்கிலியில் கோணலாகத் தொங்கி, நடுத் தூணை இடித்துக்கொண்டு முனகியது.

அந்த அமைதியில் முதலில் எழுந்தது அருணாதேவியின் குரல்.

“பாத்தீங்களா? எல்லாரும் பாத்தீங்க இல்ல? வராத வராதன்னு கைய நீட்டித் தடுத்தேன். கால எடுத்து உள்ள வெச்சா. விழுந்துடுச்சி!”

உண்ணாமலை காதில் புழுதி அடைத்திருப்பதாகவே நினைத்தாள். தவறாகக் கேட்கிறோம் என்று நம்ப விரும்பினாள். இல்லை. வாசலில் கூடிவிட்ட தெரு அதைக் கேட்டது. கடைக்காரி கன்னத்தில் கை வைத்தாள். கூலியாட்களில் இருவர் அவளைவிட்டு ஓரடி விலகி நின்றனர். விழப்போகிறது என்று வந்தவள், வந்ததால் விழுந்தது என்றாகிவிட்டாள்! முட்டுக் கம்பத்தை உருவியவர்கள் சுமங்கலிகளாகவும், சாவிலிருந்து உயிரை உருவி எடுத்து வந்தவள் அமங்கலியாகவும் நின்றார்கள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். எல்லோருமே அவனைத்தான் பார்த்தனர். சொல் விற்பன்னன் அல்லவா? எந்தக் கூட்டத்திலும் எழுந்து, எந்த மடமையின் முகத்திலும் அறைந்து பழகியவன் அல்லவா? ஒரு வாக்கியம் போதும். ‘முட்டுக் கம்பத்தை எடுக்கச் சம்மதித்தவன் நான்’ என்ற ஒரே ஒரு வாக்கியம்.

இளஞ்செழியன் வாயைத் திறந்தான். உதடெல்லாம் சுண்ணாம்பு.

“அக்கா… கொஞ்ச நேரம்தானக்கா கேட்டேன்?”

மச்சு விழுந்தபோது உண்ணாமலை கலங்கவில்லை. இப்போது தூணைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வியப்புத்தான் வந்தது, உலகத்தை முதன்முறை பார்ப்பவளின் பயங்கரமான வியப்பு.

“தேவி பயப்படறான்னதாலதான்டா நான் போனேன்” என்றாள். “வேற எதுக்கும் போயிருக்க மாட்டேன். அவளுக்காகத்தான் தெருவுல நின்னேன்.”

முற்றத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியா தலையைத் தூக்கினாள்.

“யாரு? நானா?”

உண்ணாமலை தலையை ஆட்டினாள்.

“நானா அண்ணி பயந்தேன்? நீங்க எங்கன்னு இவர ரெண்டு தடவ கேட்டனே! அண்ணி வரட்டும், அவங்க கையாலதான் முடிச்சு கட்டணும்னு சொன்னனே! கம்பெனிலேந்து அவசரமா கூப்டாங்க, போயிருக்காங்கன்னாரு.” அவள் கணவனை நோக்கித் திரும்பினாள். “ஏங்க, என் பேரச் சொல்லியா அண்ணிய வெளிய அனுப்புனீங்க?”

அவன் பார்வை மனைவியின் வயிற்றருகே ஒரு நொடி சென்று, தரைக்கு இறங்கியது. அப்போது உண்ணாமலைக்கு எல்லாம் விளங்கிற்று. பயந்தவள் தேவி அல்லள். மாமியார் மட்டுமல்லள். ஊருக்கெல்லாம் துணிவு வழங்கிய இவன், பிள்ளையில்லாத தன் வீட்டின் இருட்டில், யாருக்கும் தெரியாமல், தன் அக்காளின் தாலியில்லாத கழுத்தைக் கண்டு பயந்திருக்கிறான். எத்தனை நாளாக? ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடி வந்த நாட்களிலுமா? அவள் கையால் கஞ்சி வாங்கித் தேவிக்கு ஊட்டினானே, அப்போதுமா?

உள்ளிருந்து தின்கிற பூச்சிக்கு வெளியே வர்ணம் மின்னுவதால் என்ன தடை?

“அப்பிடி இல்ல தேவி…” என்று தொடங்கினான். தொடங்கிய வாக்கியம் முடியவில்லை.

தொங்கிய உத்திரம் மறுபடி முனகிற்று. நடுத் தூண் தலையிலிருந்து ஒரு சிராய் பறந்து விழுந்தது. சின்னசாமி முழங்கையைப் பொத்திக்கொண்டே மேலே பார்த்தார். “மேடம், நடுத் தூணு தள்ளுது. ஒண்ணு சாஞ்சா மத்ததயும் இழுத்துக்கினு போவும். ஒரு முட்டு குடுத்தே ஆவணும். என்னால ஒத்தக் கையால முடியாது.” கூலியாட்களைத் திரும்பிப் பார்த்தார். “டேய், ரெண்டு பேரு வாங்கடா.”

ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒருவன், தரையைப் பார்த்தபடி, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: “மேடம் வெளிய இருந்தாங்கன்னா நாங்க போறோங்க.”

இதற்குப் பின்னும்! இத்தனைக்குப் பின்னும்!

உண்ணாமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் உயிரையும் சேர்த்துத்தான் காத்தாள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவனால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. கோபிப்பதற்குக்கூட அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. வெளியே போனால் ஆட்கள் வருவார்கள், வீடு நிற்கும், ஆனால் அது அவள் வீடாக இராது. என்றைக்கும் இராது. ஒவ்வொரு நல்ல நாளிலும் அவள் தெருவில் நிற்பாள்.

“நான் வெளிய போவ மாட்டேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இனிமே எதுக்கும் போவ மாட்டேன். பயப்படறவங்க போங்க. தெருவுல எடம் நெறைய இருக்குது.”

பின்கட்டில் அடுக்கியிருந்த மாற்று முட்டுகளில் ஒன்றை இழுத்தாள். ஒருத்தியால் நிமிர்த்த முடியாத கனம். பாதி தூக்கியபோது மறுமுனை இலேசாயிற்று. திரும்பினாள். கிழிந்த பட்டை இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டு தேவிப்ரியா அதைப் பிடித்திருந்தாள்.

“தேவி!” அருணாதேவி அலறினாள். “அடிப்பாவி, வெளிய வாடி! உன் புருசன் நிக்கறாரு, அவரு போவட்டும்!”

“அவரு பேசிக்கினு இருக்கட்டும்மா” என்றாள் தேவிப்ரியா. “கம்பத்த எடுக்கச் சொன்ன வாயால நீ இன்னும் எதுவும் சொல்லாத.”

இளஞ்செழியன் ஓரடி முன்வைத்தான். தெருவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓரடிக்கு மேல் அவன் வைக்கவில்லை.

இரண்டு பெண்களும் நடுத் தூணுக்குப் பக்கத்தில், புழுதிக்குள் நுழைந்தார்கள். சின்னசாமி முற்றத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் கெழக்கால… அங்கதான், அங்கதான்” என்றார். உண்ணாமலை முட்டின் தட்டைத் தரையில் ஊன்றினாள். தலையை உத்திரத்தின் அடியில் பொருத்தினாள். திருகைச் சுற்றத் தொடங்கினாள். இரும்பு மரத்தைத் தொட்டது. மரம் கிறீச்சிட்டது. மேலிருந்து சுண்ணாம்பு அவர்கள் இருவர் நெற்றியிலும் கொட்டி, எந்த நெற்றியில் என்ன இருந்தது என்பதை மூடிவிட்டது.

“அண்ணி” என்றாள் தேவிப்ரியா. அவள் முட்டுக் கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். “நிக்குமா அண்ணி?”

உண்ணாமலை மேலே பார்த்தாள். தங்கையென்று எண்ணிய ஒருத்தியிடம் பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“தெரியல” என்றாள். “ஜாஸ்தி அசையாத. கெட்டியாப் புடி.”